கண்ணாடி பார்த்து வாங்கிய முட்டிக்கவசம்

செல்போனில் கேமரா வந்த புதிது. சிறுமலையிலிருந்து சைக்கிளில் இறங்குவதற்காக என் மைத்துனர் முட்டிக்கும் மார்புக்கும் கவசம் வாங்கினார். கடைக் கண்ணாடி முன் அவர் விறைத்து நிற்க, போட்டோ எடுத்த முட்டாள் நான்.

"அண்ணே, முட்டிக்கவசத்த மாட்டிட்டு செத்த உக்காந்து எந்திரிங்க," என்றார் கடைக்காரர்.

"ஏப்பா, என்னையத் தோப்புக்கரணம் போடச் சொல்றியா?" என்றார் மைத்துனர். நானும் சிரித்தேன்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், பைக்கில் பின்தொடர்ந்த என் கண்ணெதிரே, அந்தக் கவசம் கணுக்காலுக்கு வழுக்கிப் பெடலில் சிக்கியது. பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தார். முட்டியில் ஒன்பது தையல். போட்டோவுக்காகவே வாங்கிய மார்புக்கவசத்தில் கீறல்கூட இல்லை.

பூட்டு வாங்கினால் நாலு தரம் இழுத்துப் பார்க்கிற திண்டுக்கல்காரர்கள் நாங்கள். இப்போது மகளுக்குக் கவசம் வாங்கும்போது, கடைக்குள்ளேயே இருபது தோப்புக்கரணம் போடச் சொல்கிறேன். கண்ணாடிப் பக்கம் விடுவதில்லை.