ஸ்பேர் வீல்

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் வீட்டில் ஒரு சைக்கிளை வைத்துத் தினமும் சண்டை நடந்தது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகன், திரும்பிப் போகும்போது சுமையென்று சாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் விட்டுப்போன குட்டை சைக்கிள் அது. சீட்டு முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். சக்கரத்தின் அச்சில் இரண்டு பக்கமும் உள்ளங்கை நீளத்துக்கு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெக் என்று பெயர். பெக்கின்மேல் ஏறி நின்று, ஒற்றைச் சக்கரத்தில் உருட்டியும் சுழற்றியும் வித்தை செய்யவேண்டும். சமதரை போதும் என்பதால் இந்த விளையாட்டை ஃப்ளாட்லேண்ட் என்பார்கள். எந்த ஊருக்கும் போய்ச் சேராத வண்டியை இந்தப் பெண் ஏன் ஓட்டுகிறாள் என்பது அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வண்டி விடாத நேரமாகப் பார்த்து, கடற்கரைச் சாலையில் ஆறு பேர் ஓட்டுவோம். ஐந்து அண்ணன்கள், நான் ஒருத்தி. அவர்களில் ஒருவர் சேதராப்பட்டிலிருந்து வருவார்; அதனால் எனக்குச் சேதராப்பட்டு அண்ணன். பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, சிவந்த கண்ணோடு நேராக வந்துவிடுவார். எங்களில் அவர் ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் வேறு யாராவது ஒரு வித்தையைச் சரியாகச் செய்துவிட்டால், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பும் அளவுக்கு விசில் அடிப்பார். ஒருத்தருக்கு டியூப், ஒருத்தருக்குச் செயின், எனக்குக் கையுறை என்று அவருடைய சாமான்கள் அவர் சைக்கிளைவிட எங்கள் சைக்கிள்களில்தான் அதிகம் இருந்தன.

அவர் ஒரே ஒரு வித்தைக்காக ஒரு வருடமாக விழுந்துகொண்டிருந்தார். முன்சக்கரத்துப் பெக்கில் நின்றபடி, பின்பக்கத்தைக் காற்றில் தூக்கிப் பம்பரம்போல மூன்று சுற்று சுற்றவேண்டும். காலாப்பட்டில் ஒரு மைதானத்தில் போட்டி அறிவித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த மூன்று சுற்றும் அவருக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து விசில் அடித்தோம்.

அந்தப் போட்டிக்கு அப்பாவும் வந்தார். அம்மா பத்து நாள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை கண்ணால் பார்ப்பார். பிடிக்காவிட்டால் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இதை நான் எல்லா அண்ணன்களிடமும் சொல்லி அழுதிருந்தேன்.

என் முறைக்கு முன்னால் ஓரமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்சக்கரத்தின் அச்சு படக்கென்று முறிந்தது. பெக் தனியாக உருண்டு ஓடியது. அப்பா எதிர்ப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேதராப்பட்டு அண்ணன் குனிந்து பார்த்தார்.

"அழுவாத பாப்பா. எங்கிட்ட ஸ்பேர் வீல் ஒண்ணு இருக்குது. இரு, வந்துட்டேன்."

ஷாமியானாவுக்குப் பின்னால் போனவர் ஒரு சக்கரத்தோடு திரும்பினார். ஸ்பானரை வாயில் கவ்விக்கொண்டு மண்டி போட்டு மாட்டினார். மைக்கில் என் பெயரைக் கூப்பிடவும் அவர் கடைசி நட்டை முறுக்கவும் சரியாக இருந்தது.

இரண்டு தடவை காலை ஊன்றிவிட்டேன். ஆனாலும் முன்பெக்கில் நின்று ஒரு முழு வட்டம் உருட்டி முடித்தேன். பரிசெல்லாம் இல்லை. அப்பா கை தட்டவில்லை. பக்கத்தில் வந்து, பெக்கை விரலால் தடவிப் பார்த்து, "காலு வழுக்கிடாதா இதுல?" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அடுத்து சேதராப்பட்டு அண்ணனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கூட்டத்துக்குள்ளிருந்து கையைத் தூக்கி, "நான் வரல சார், விட்டுடுங்க" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஏண்ணா, பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா. இவ்ளோ ஜனம் வரும்னு நெனைக்கல."

நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். மேலே ஏறிவிட்டால் பயம் போய்விடும், என்னைப் பாருங்கள் என்றேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஸ்பேர் வீல் என்று ஒன்று இருக்கவே இல்லை. இதை நான் தெரிந்துகொள்ளப் பதினான்கு வருடம் ஆனது. போன மாதம் சேதராப்பட்டு அண்ணன் இறந்துவிட்டார். மஞ்சள் காமாலையாம், காலம் கடந்துதான் காட்டியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைச் சாலையில் கூடினோம். ஒவ்வொருவரும் தங்களுக்கு அவர் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஸ்பேர் வீல் கதையைச் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஒனக்குத் தெரியவே தெரியாதா? அது அவன் வண்டி வீலு. சொன்னா நீ ஓட்ட மாட்டன்னு எங்க வாயக் கட்டிட்டான்" என்றார் ஓர் அண்ணன்.

அதன்பிறகு அன்றைய சாயங்காலத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். போட்டி முடிந்ததும் அப்பா என் சைக்கிளைத் தன் மினி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினார். சக்கரத்தைக் கழற்றித் தரட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "வேணாம், உங்கப்பா கண்ணுக்கு வண்டி முழுசா தெரியணும். அடுத்த வாரம் வாங்கிக்கறேன்" என்றார். அப்பா அவரையும் ஏறச் சொன்னார். கூட்டாளி வருகிறான் என்று சொல்லிவிட்டு அண்ணன் எங்களுக்கு முன்பே கிளம்பிப் போனார்.

நாங்கள் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் அவர் தனியாக நடந்துகொண்டிருந்தார். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துச் சைக்கிளைப் பின்சக்கரத்தில் மட்டும் உருட்டிக்கொண்டு போனார். முன்பக்கத்தை ஒரு போர்வையால் சுற்றியிருந்தார். பெயின்ட் உரிந்துவிடாமலிருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, அந்த அண்ணா வீட்டுக்குப் போறப்பகூட பிராக்டீஸ் பண்றாரு பாருங்களேன்!" என்று கத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையை ஆட்டினேன். இரண்டு கையும் சைக்கிளைத் தாங்கியிருந்ததால் அவர் சிரித்துத் தலையை மட்டும் அசைத்தார். பதிலுக்கு ஒரு கையைக்கூட ஆட்டவில்லையே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது.