ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த ஸ்பீக்கர்

என் மாமனாருக்கு ஏலக்காய் தெரியும். அதை யாரும் மறுக்க முடியாது. மூட்டையிலிருந்து நாலு காயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை கலகலத்தால் நன்றாகக் காய்ந்த காய். கலகலக்காவிட்டால் மூட்டை திரும்பிப் போகும். போடியில் அவர் குலுக்கிச் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. தொல்லை என்னவென்றால், உலகத்தில் உள்ள எல்லாப் பொருளையும் அவர் ஏலக்காய் என்றே நினைத்தார்.

நான் மைக்செட்டுக்காரன். ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், இசைத்தட்டு ஓட்டும் பெட்டி ஒன்று. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். மாமனாருக்கு அது தொழிலாகவே படவில்லை.

"ஊரான் வீட்டு விசேசத்துக்கு மரத்துல ஏறிக் குழாய் கட்டுறதெல்லாம் ஒரு சோலியா? கிட்டங்கியில வந்து உக்காருங்க மாப்ளே" என்று தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் சொல்வார். கிட்டங்கி என்பது அவர் ஏலக்காய் மூட்டை அடுக்கும் இடம். காற்று வராது. அங்கே உட்கார்ந்து காய் பார்க்க அவருக்கு வீட்டு மனிதன் ஒருவன் வேண்டும். என் ஆம்ப்ளிஃபையர் ஓடுகிற வரைக்கும் அந்த மனிதன் நானில்லை. அந்த ஒரு மிசினை நம்பித்தான் நான் நிமிர்ந்து நடந்தேன்.

போடிமெட்டுக்கு அப்பால் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்கே திரும்பினார். எஸ்டேட்டையும் பங்களாவையும் மாமனார் வாங்கினார். கட்டில் நாற்காலியோடு ஒரு ஒலிப்பெட்டியும் அதில் வந்தது. பீரோ உயரம், சுவர் மூலையில் ஒட்டி நிற்கும்படி செய்தது, மெருகில் முகம் தெரியும். அதை ஓட்டிய ஆம்ப்ளிஃபையரை மட்டும் வெள்ளைக்காரர் கையோடு கொண்டுபோய்விட்டார். வடக்கிலிருந்து வியாபாரிகள் பங்களாவுக்கு வரப்போகிறார்கள், அதற்குள் பெட்டி பாட வேண்டும் என்றார் மாமனார்.

"உங்க மிசினைக் கொண்டாங்க மாப்ளே. ரெண்டு வயரைக் குடுத்தா பாடிட்டுப் போகுது."

"அப்பா வாய்விட்டுக் கேட்டிருக்காரு" என்றாள் என் வீட்டுக்காரி. ஜீப்பில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மிசினை மடியில் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு மலை ஏறினேன்.

இரண்டு வயரைக் கொடுத்தால் பாடும்தான். பெட்டியின் முதுகில் மின்தடை பதினைந்து ஓம் என்று எழுதியிருந்தது. என் மிசினில் பதினாறு ஓம் முனை இருந்தது. பொருத்தம் சரி. ஆனால் ஓம் பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடாது. ஜாதகம் பொருந்திய கல்யாணங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், வாசலில் குழாய் கட்டியவன் நான்தானே.

கரண்டுக்கு எஸ்டேட் எஞ்சினை ஓடவிட்டு சுவிட்சைப் போட்டதும், பாட்டு வருமுன்பே 'உம்' என்று ஒரு இரைச்சல் அறையை நிறைத்தது. குழாய் ஸ்பீக்கர் அடிச்சத்தத்தை விழுங்கிவிடும். அதனால் எந்தத் திருவிழாவிலும் அந்த இரைச்சல் யார் காதிலும் விழுந்ததில்லை. இந்தப் பெட்டி எதையும் விழுங்கவில்லை. என் மிசினின் குறை முழுவதையும் சபையில் வைத்தது.

"என்ன மாப்ளே, உள்ள வண்டு கெடக்கா?"

வண்டு மட்டுமல்ல. பெட்டிக்குள் சத்தம் பிறக்கிற காகிதக் கூம்பு மலை மஞ்சில் ஊறி நமுத்திருந்தது.

"இரைச்சல் என் மிசின்ல இருக்கு மாமா. மதுரைக்குப் போயி அதை அடக்குற கண்டன்சர் வாங்கியாந்து சரி பண்றேன். காகிதம் நமுத்திருக்கு. வெயில் வந்தா தானாக் காயும். யாரும் தொட வேணாம்."

தமிழில்தான் சொன்னேன்.

மிசினை மறுபடியும் ஜீப்பில் உலுக்க மனமில்லாமல் அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறி மதுரைக்குப் போனேன். திரும்பி வந்து கண்டன்சரை மாற்றினேன். பிறகு பெட்டியைப் பார்த்தால், முன்பக்கம் வெறும் ஓட்டை.

"ஸ்பீக்கர் எங்கப்பா?"

எஸ்டேட்டில் காய் காயவைக்கிற ஆள் முகமெல்லாம் பல்லாக நின்றான். "ஸ்டோர்ல இருக்கு அண்ணே. மொதலாளி போடச் சொன்னாரு. பச்சைக் காயே மொறுமொறுன்னு வந்துரும், காயிதம் எம்மாத்திரம்?"

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, இரும்புக் குழாய் வழியே அடுப்பு அனலை விட்டுக் காயவைக்கிற அறை. உள்ளே போனால் மூச்சு முட்டும். அங்கே ஒரு தட்டில், ஏலக்காய்க்கு நடுவில் ஸ்பீக்கர் மல்லாந்து கிடந்தது. கூம்பின் ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. பசை உருகிப் பிடி விட்டிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே கம்பிச்சுருள் கரகரவென்று உரசியது.

மாமனார் வந்தார். என் கையிலிருந்து வாங்கினார். காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். உள்ளே எதுவோ கலகலத்தது.

"கேட்டீங்களா? நல்லாக் காய்ஞ்சிருச்சு."

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் வரவில்லை.

"மாமா, இது செத்துப் போச்சு. சத்தத்தைக் கூட்டினா உள்ள கம்பி அறுந்துரும். அறுந்தா என் மிசினுக்கு இழுக்கப் பாரம் இல்லாமப் போயிரும். பாரம் இல்லாம முழு வேகத்துல ஓடுனா மிசினு எரிஞ்சுரும்."

"பாரம் இல்லாட்டி மாடே வெரசாப் போகுது. மிசினுக்கு என்ன வந்துச்சு?"

மாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

அன்று சாயங்காலமே வியாபாரிகள் வந்துவிட்டார்கள். ஒட்டவேண்டியதை ஒட்டி, மெதுவாகப் பாடவிட்டேன். கரகரத்துக்கொண்டே பாடியது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை விட்டுக் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு மங்கியது.

"எஞ்சின் மக்கர் பண்ணுது. ஒரு எட்டு பாத்துட்டு வாங்க மாப்ளே."

"குமிழை யாரும் தொடக்கூடாது மாமா."

"நான் என்ன பச்சைப்பிள்ளையா? போங்க."

எஞ்சின் கொட்டகைக்குப் பாதி வழி போயிருப்பேன். பாட்டு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. திரும்பி ஓடினேன். படியேறும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அறைக்குள் நுழையும்போது தார் எரியும் நாற்றம் வந்துவிட்டது. என் மிசினின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புகை நூலாக ஏறிக்கொண்டிருந்தது. மாமனாரின் கை குமிழ் மேலேயே இருந்தது.

"மாப்ளே மிசினுக்குத் தெம்பு பத்தல" என்றார் விருந்தாளிகளிடம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அடுத்த வாரம் பொட்டிபுரத்துத் திருவிழாவுக்கு நான் ஒத்துக்கொண்டிருந்தேன். தேனிக்காரர் ஒருவர் வந்து குழாய் கட்டினார். புது மிசின் வாங்கித் தருகிறேன், ஒரு சீசன் மட்டும் கிட்டங்கியைப் பாருங்கள் என்றார் மாமனார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். சீசன் முடிந்தது, அடுத்ததும் வந்தது. மிசினைப் பற்றி நான் கேட்பதும் குறைந்தது. ஏலக்காய் வாசனையை நல்ல வாசனை என்பவர்கள் அதற்குள் நாள் முழுக்க உட்கார்ந்ததில்லை. சோற்றில் அடிக்கும். தலையணையில் அடிக்கும்.

ஒருநாள் மூட்டை வாங்க வந்த வியாபாரி, பங்களாவில் நிற்கிற அந்தப் பெட்டி பாடுமா என்று மாமனாரிடம் கேட்டார்.

"அது உசந்த சாமானாச்சே. நம்ம மாப்ளே மிசினு அதுக்குத் தாங்கல" என்றார் அவர், நான் பக்கத்தில் இருக்கும்போதே. பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த லோடு எப்படி மாப்ளே?"

என் கையில் நாலு காய் இருந்தது. காதருகே வைத்துக் குலுக்கினேன்.

"காய்ஞ்சிருக்கு. ஏத்தலாம்" என்றேன்.