அழிக்காமல் அனுப்பிய குரல்

வண்டி பிதுங்கி வழிந்தாலும் கண்டக்டரம்மாவின் குரல் கடைசி இருக்கைவரை போகும். படியில் தொங்குபவர்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் சில மாதங்களாக, சாப்பாட்டு நேரத்தில் பணிமனையில் நிற்கும் காலி வண்டிக்குள் ஏறி, கண்ணாடிகளை எல்லாம் மூடிக்கொண்டு, கைப்பேசியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் மருமகள். மகன் வேலைக்குப் போன நாட்டிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வராது. இப்போது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூடவே இருக்க வேண்டும் என்று கண்டக்டரம்மா துடித்தார். மகன் இழுத்தான்.

"பகல் பூரா நான் வேலைக்குப் போயிடுவேன்மா. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அவ ஏற்கெனவே பயந்துபோய்க் கெடக்கா."

"நான் அவ மொழியில பேசிக் காட்டினா?"

"நான் இல்லாம அவகூட வீடியோ கால்ல பேசுங்க. அவளே வரச் சொன்னா டிக்கெட் போடறேன்."

"டிக்கெட்டைப் பத்தி எங்கிட்டயேவா? போட்டு வைடா."

அவர் சேர்ந்திருந்தது, மொழி கற்பவர்களின் இணையக் குழு ஒன்றில். தினமும் ஒரு குரல்பதிவு போட வேண்டும். அந்த மொழிக்காரர்கள் திருத்துவார்கள். பதிலுக்கு, தமிழ் கற்பவர்களின் பதிவுகளை இவர் திருத்த வேண்டும். இவருக்கு ஜோடியாக அமைந்தவர் ஸ்பானிஷ் பேசும் ஒரு தபால்காரப் பெண். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தன்னைப் பார்த்து என்ன சொல்லிச் சிரிக்கின்றன என்று கண்டுபிடிக்கத் தமிழ் படிப்பவர்.

கண்டக்டரம்மாவின் பதிவுகளுக்கு இதயக்குறிகள் குவிந்தன. அத்தனை சுத்தமான உச்சரிப்பு! அதன் ரகசியம் அவருடைய வண்டியின் டிரைவருக்கு மட்டும் தெரியும். எழுதி வைத்துப் படிப்பார், நாக்கு குழறினால் அழிப்பார், மறுபடி படிப்பார்.

"அக்கா, நின்ன எடத்துலயே ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீங்க."

"நீ முதல்ல ஸ்டாப்புல நிறுத்தப் பழகு தம்பி."

அழைப்பு நாள் வந்தது. திரையில் மருமகள், வயிற்றில் ஒரு கை. கண்டக்டரம்மா நலம் விசாரித்தார், கச்சிதமாக. மருமகள் முகம் மலர்ந்து, படபடவென்று ஏதோ கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. கண்டக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பதறிப்போய், தாளில் அடுத்திருந்த வாக்கியத்தைப் படித்தார்: "இங்கே இன்று வெயில் இதமாக இருக்கிறது."

மருமகள் தலையசைத்தாள். மரியாதையாக விடைபெற்றாள்.

"விடுங்கம்மா, குழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றான் மகன்.

"விடறதா? இன்னொரு தடவை பேசுவேன்."

மறுநாள் தாளைக் கிழித்துப் போட்டார். தப்பும் தவறுமாக ஒரே மூச்சில் ஒரு பதிவு: இனி அழிக்க மாட்டேன், இதயம் போடாதீர்கள், குறுக்கே பேசுங்கள். தபால்காரப் பெண்ணுக்கு அது பிடித்துப்போயிற்று. தினமும் குழுவின் நேரடிக் குரல் அரட்டையைத் திறந்து ஆட்களைச் சேர்த்தார். அங்கே ஒரு விளையாட்டு: எல்லாரும் பயணிகளாக நடிப்பார்கள், கண்டக்டரம்மா கண்டக்டர். ஒருத்தி இறங்குமிடம் தெரியாமல் அழுதாள், ஒருவன் பையைத் தொலைத்தான், இருவர் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். எல்லாம் ஸ்பானிஷில், எல்லாம் ஒரே நேரத்தில். முதல் வாரம் கண்டக்டரம்மா திக்குமுக்காடினார். பிறகு ஒருநாள், "ஒவ்வொருத்தரா! நீ முதல்ல. மெதுவா!" என்று ஸ்பானிஷிலேயே அதட்டினார். அரட்டை அடங்கியது.

"அக்கா, இப்ப நீங்க கண்டக்டர்!" என்றார் தபால்காரப் பெண், தமிழில்.

கண்டக்டரம்மா மகனிடம் கேட்காமல் மருமகளை நேரே அழைத்தார். கையில் தாள் இல்லை.

"அன்னிக்கு நீ ஏதோ கேட்ட. எனக்குப் புரியல. நான் வெயில் சொன்னேன். தப்பு. திரும்பக் கேளு. மெதுவா."

 மருமகள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அவளுக்கு அம்மா கிடையாது. பிரசவ அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்களாம். கணவனுக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும்.

"நீங்க உள்ள வருவீங்களா?"

"உள்ள நான். வெளிய அவன். உன் கை நான் பிடிச்சு. நீ கத்து. நானும் கத்து."

மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிழையைத் திருத்தினாள். கண்டக்டரம்மா திருத்தியதை உரக்கத் திருப்பிச் சொன்னார். அவள் எழுந்து, அடுத்த அறையில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

அவளைத் தாண்டித் திரைக்குள் மகன் தலை நீட்டினான்.

"அம்மா, டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும்?"

"எங்கிட்ட ஏன்டா கேக்குற? அவகிட்ட கேளு."