அண்ணன் விலகிய இசைக்குழு

அண்ணன் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தபோது, சர்ச்சில் பாடும் மூன்று நண்பர்களோடு ஓர் இசைக்குழு தொடங்கினார். பள்ளித் தோழர்களாகச் சேர்ந்து, தலை நரைத்த பிறகும் பிரியாமல் வாசித்துவந்த இங்கிலாந்து ராக் குழு ஒன்றின் கேசட்டுகள்தான் அவர்களுக்குப் பாடம். தாங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். அண்ணன் டிரம்ஸ் வாசிப்பார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. என் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் பார்த்தார். ஒத்திகைக்கு நேரமில்லை. அவர் விலகியதும் குழு கலைந்துபோனது.

படித்து முடித்து ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசர் ஆனேன். ஒருமுறை அதே ராக் குழுவின் படம் போட்ட டி-சர்ட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. அண்ணன் சந்தோஷப்படுவார் என்று, அனுமதி கேட்டு ஒரு சாம்பிளை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அவர் அந்த நான்கு கிழவர்களின் முகங்களை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் நாலு பேரும் ஒண்ணாத்தான் வாசிக்கறாங்களா கண்ணு?"

"ஆமாங்கண்ணா."

"நல்லா இருக்கட்டும்."

என்னால் தாங்க முடியவில்லை. "என்னாலதானுங்கண்ணா நீங்க விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"உன்னையப் படிக்கச் சொன்னதே நாந்தான? போய் சோத்தப் போடு," என்று சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு அந்த டி-சர்ட்டையே போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்த ஆர்டர் முடியும்வரை, அந்த நால்வரின் படம் அச்சாகும் பிரிண்டிங் பக்கம் போகவே எனக்குக் கூசியது.