சனிக்கு நேராக நின்றவர்

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் பரமேஸ்வரனுக்கு லோரிக்காரர்களிடம் பயமில்லை, டிராஃபிக் போலீசிடமும் பயமில்லை. சனி பகவானிடம் மட்டும்தான் பயம். கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும்போது சனி வந்ததும் தோளைத் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார். சனிக்கிழமையில் புது டயர்கூட மாட்டமாட்டார்.

அப்படிப்பட்டவரின் மகள் விஷ்ணுப்ரியாவுக்குத்தான் குலுக்கலில் சனி விழுந்தது.

அவள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளே ஒரு விளக்குக் கண்காட்சி செய்தார்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் எட்டுக் கோள்கள், யார் எதைச் செய்வது என்பது குலுக்கலில்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாய். பாயில் ஏறி நின்றால் கோள் எரியும், இறங்கினால் அணைந்துவிடும். சனியின் வளையம் பெரும்பாலும் பனிக்கட்டி என்று மலர் டீச்சர் சொன்னாலும் சொன்னார், விஷ்ணுப்ரியா வீட்டிலிருந்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சில்லு சில்லாக வெட்டிக் கோத்தாள்.

"யாராச்சும் ஒரு ஆளு ஏறி நின்னா போதும்பா. வளையம் சுத்தும் பாருங்க."

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கண்காட்சி சனிக்கிழமை.

"சனிக்கிழமையும் அதுவுமா சனியையே வேன்ல ஏத்திக்கிட்டு ஃபெடரல் ஹைவேல போறேன். வேற யாருக்கு இந்தக் கொடுப்பின," என்று முனகிக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் சனிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தது.

மண்டபம் திறந்ததும் முதலில் நுழைந்தவர் வள்ளியம்மா ஆன்டி. கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். மங்கலான வெளிச்சம், சுற்றிலும் உருண்டைகள், கீழே செவ்வாய், வியாழன் என்று பெயர்கள். உடனே செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்த கூட்டமும் கழற்றியது.

"செருப்பு கழட்ட வேணாம் ஆன்டி," என்றார் மலர் டீச்சர்.

"பரவால்லம்மா. ராகு கேதுவ எங்க வச்சிருக்கீங்க?"

"அது கோள் இல்ல ஆன்டி. இது சயின்ஸ்."

"அப்ப அந்த மூலையில நீலமா ரெண்டு பேரு?"

"யுரேனஸ், நெப்டியூன்."

"பாத்ததே இல்லையே. வெளியூரா?"

வியாழன் பாயில் வரிசையே நின்றது. மகளுக்கு மாப்பிள்ளை தேடும் ஒருவர் இறங்க மனமில்லாமல் மறுபடியும் ஏறினார். ஆனால் சனியிடம் வந்ததும் ஒவ்வொருவராகத் தோளைத் திருப்பி, பாயைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சனி இருட்டிலேயே கிடந்தது.

"ஆன்டி, கொஞ்சம் நேரா நில்லுங்களேன்," என்றாள் விஷ்ணுப்ரியா.

"நேரா வேணாம் கண்ணு. இங்கேருந்தே கும்புட்டுக்கிறேன்."

தம்புசாமி என்ற பெரியவர் இன்னும் தள்ளி நின்றார். "எனக்கு ஏழர நடக்குது பாப்பா. அவரு எங்க வீட்லதான் இருக்காரு. இங்க வேற வந்து பாக்கணுமா?"

செவ்வாய் செய்த வாசு எட்டிப் பார்த்தான். "உன்னோடது ஃபியூஸ் போச்சாலா?"

விஷ்ணுப்ரியா சரியாக இருந்த சில்லு ஒன்றைக் குனிந்து சரிசெய்தாள். கதவோரம் நின்ற பரமேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டார்.

மெதுவாக வந்து, "நான் வேணா சைடுல ஒரு கால மட்டும் வைக்கட்டா?" என்று கிசுகிசுத்தார்.

"வெயிட் பத்தாதுபா. நேரா ஏறி நிக்கணும்." பிறகு தலை நிமிராமல், "விடுங்கபா. நீங்க பயப்படுவீங்க," என்றாள்.

பரமேஸ்வரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை இறுக மூடி, பாயில் ஏறிவிட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"கண்ணத் தொறங்கபா."

திறந்தார். வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பொட்டு வெளிச்சங்கள் அவர் சட்டையிலும் கூரையிலும் வள்ளியம்மாவின் மூக்குக்கண்ணாடியிலும் ஓடின. மகளின் முகத்திலும்.

"நல்லாத்தானே இருக்காரு," என்றார் பரமேஸ்வரன்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தார். "எங்க இருக்கீங்க?"

"சனிக்கு நேரா."

"மொதல்ல எறங்குங்க."

"எறங்குனா அணைஞ்சிரும்லா."

வள்ளியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பாய்க்குப் பின்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும். கடைசியில் தம்புசாமி.

"பா, போதும், எறங்குங்க," விஷ்ணுப்ரியா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லைன் நிக்குது."

"இரும்மா. இப்பதான பாக்கவே ஆரம்பிச்சேன்," என்றார் பரமேஸ்வரன்.