பூ மட்டும் போடுகிறவள்

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே மோசமான கையெழுத்து என் சித்தியுடையதுதான். அவள் எழுதிய ஒரு வரியைப் படித்துச் சொல்ல ஏழு தேசத்து ராஜாக்கள் பண்டிதர்களை அனுப்பினார்கள். ஆறு பேர் ஓடிவிட்டார்கள். ஏழாவது ஆளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

பள்ளியில் இதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். வாயால் கேட்டால் பாடம் மொத்தத்தையும் ஒப்பிப்பாள். பேனாவைப் பிடித்தால் விரல்கள் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்து எழுத்தை வரவழைக்கப் பார்த்தார். வீக்கம்தான் வந்தது. பரீட்சையில் தோற்றாள், படித்தது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். வங்கியில் இன்றைக்கும் அவள் கையெழுத்தைப் பார்த்து, "இது உங்களது இல்லையே" என்கிறார்கள்.

கேக் கடையில் மட்டும் அவளுக்கு மரியாதை இருந்தது. க்ரீம் பையை அழுத்தினால் இதழ் இதழாக ரோஜா விரியும். பெயர் எழுதுவதைப் பக்கத்து மேசை அக்கா பார்த்துக்கொண்டாள். அவள் வேலையை விட்டுப் போனதும், ஒரு பிறந்தநாள் கேக்கில் பேரெழுதும் வேலை சித்தி தலையில் விழுந்தது. சித்தி எழுதிய பெயரைப் பார்த்துக் குழந்தை அழுதது. குழந்தையின் அப்பா கடையையே இரண்டாக்கினார்.

"பேரெழுத வராதவளுக்கு மேசை எதுக்கு? தட்டு கழுவும்மா," என்றார் முதலாளி.

சித்தி கெஞ்சினாள். கடைசியில், பெயரில்லாத பூ கேக் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சம்மதித்தார். விற்றால் மேசை. விற்காவிட்டால் தட்டு.

"சித்தி, உன் எழுத்துமேல நடந்தா எறும்புக்கே வழி தப்பிடும்," என்றேன் வீட்டில். எப்போதும் முதுகில் ஒன்று வைப்பாள். அன்று வைக்கவில்லை.

மறுநாள் கைக்குட்டையைப் போனில் சுற்றி, பெரிய மனுஷக் குரலில் கடைக்குப் பேசினேன். "பெட்டியில இருந்த பூ கேக்கை வாங்கிட்டுப் போனேன். என்ன கைங்க அது! வெட்டவே மனசு வரல. அந்தம்மாவை விட்டுடாதீங்க."

சாயங்காலம் சித்தி வந்தாள். விரலெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. சோப்பு நாற்றம்.

"டேய், இங்க வா. யாரோ போன் பண்ணி என் பூவைப் புகழ்ந்து தள்ளினாராம்."

"அப்படியா! யாரு சித்தி அந்த மகராசன்?"

"முதலாளி ஸ்பீக்கர்ல போட்டாரு. கடையே கேட்டுச்சு. அப்புறம் கடையே சிரிச்சுச்சு."

"ஏன்?"

என் காதைப் பிடித்தாள். திருகவில்லை. சும்மா பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அந்தக் கேக் இன்னும் பெட்டியிலயேதான்டா இருக்கு, எருமை. ஒருத்தனும் வாங்கல."