பசித்த நெஞ்சும் பயந்த நெஞ்சும்

ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெசர் வேலை என்றால், மருந்து இருக்கும்போது மருந்து கொடுப்பது, இல்லாதபோது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்தபிறகு எனக்கு இரண்டாவது வேலைதான் அதிகம். அந்தக் காலத்தில் காலி மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மெதுவாக அடித்த நாடி

சுங்கை லாலாங் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் சீவும் முனியம்மாவை அவள் புருஷன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். மாதக்கணக்கில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. கால் வீங்கிக் கிடந்தது. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்தால் ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்குத்தான் படபடப்பாகிவிட்டது.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார்: இதயத்தை விரட்ட ஒரு நரம்பு, இழுத்துப் பிடிக்க ஒரு நரம்பு. அவை அனுப்புகிற சேதியை வாங்கி உள்ளே சேர்ப்பது இதயத்தின் செல்களில் இருக்கும் புரதங்கள். பட்டினி நீண்டால் இழுத்துப் பிடிக்கிற நரம்பின் கை ஓங்கிவிடுமாம். இருக்கிற கொஞ்சத்தைச் செலவழிக்காமல் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளுமாம்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. கொல்லையில் விளைந்த பயறை வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். மெல்ல மெல்லத் தேறி எழுந்துவிட்டாள். ஆனால் அந்த முதல் நாள், "ஏம்மா, நெஞ்சு இப்படி மெதுவா அடிக்குது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்: "வயித்துக்கே வேல இல்லய்யா, நெஞ்சு மட்டும் எங்க ஓடணும்?"

பெண்டாங் கடைக்காரர்

மருந்து ஏதாவது கிடைக்குமா என்று பெண்டாங் டவுனுக்குப் போயிருந்தேன். நம்மவர் ஒருவரின் மளிகைக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு ஜப்பான் சிப்பாய் உள்ளே வந்தான். அவர்களைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும் என்பது உத்தரவு; கடைக்காரர் மறந்துவிட்டார். சிப்பாய் அறையக் கையை ஓங்கினான். கை இறங்குவதற்குள் இவர் அரிசி இல்லாத அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிட்டார்.

பயந்தால் நாடி பறக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். இவருக்கோ துடிப்பு அடியோடு இறங்கிப்போய் விரலுக்கே அகப்படவில்லை. சிலருக்குப் பயத்தில் அந்த இழுத்துப் பிடிக்கிற நரம்பு வேகமாக இழுத்துவிடும். தரையில் கிடத்திக் காலைத் தூக்கிப் பிடித்தேன். சிப்பாய் தன் உள்ளங்கையையே பார்த்தான். அப்படியே வெளியே போய்விட்டான். புருஷன் கண் விழித்ததும் கடைக்காரர் மனைவி அழுகையோடு சொன்னார்: "கும்பிடச் சொன்னா கும்பிட வேண்டியதுதானே, இப்படி ஒரேயடியா விழுந்து கும்பிடுவாங்களா?"

சயாமுக்கு ஆள் எடுத்த அன்று

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். லயத்து வீடுகளில் இருந்த கூலி ஆண்களை ஆஸ்பத்திரி முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி என்னையே நாடி பார்க்கச் சொன்னார். முதலில் நின்ற வீரப்பனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் நாடி என் விரலடியில் துள்ளியது. "நெஞ்சு வியாதி, வழியிலேயே விழுந்துடுவான்" என்று மொழிபெயர்ப்பவரிடம் சொன்னேன். அதிகாரி தானும் பிடித்துப் பார்த்து, முகம் சுளித்து, அவனை ஒதுக்கிவிட்டார். பயம் அவனைக் காப்பாற்றியது.

அடுத்தவன் மாரிமுத்து. அவனுக்கும் அதையே சொன்னேன். அதிகாரி அவன் கையைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாரிமுத்துவின் நாடி அப்படி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவன் லாரிப் பக்கம் போனான்.

பின்னாலேயே போய், "கொஞ்சம்கூட பயமில்லையாடா உனக்கு?" என்று கேட்டேன். சயாமுக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. லாரியில் ஏறும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் மிச்சம்: "அங்க மூணு வேளையும் அரிசிச் சோறாம் டிரெசரய்யா, அதுக்குப் போயி யாராச்சும் பயப்படுவாங்களா?"

ஆக, ஒழுங்காக அடிக்கிற நாடியைப் பார்த்து டிரெசர் கவலைப்பட்ட காலமும் ஒன்று இருந்தது.